கடித்தது யார்? சோப்புக்கட்டியில் டைனோசர் பல்தடம் படிக்கப் பழகுவோம்

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுன் சௌரஸ்தா மார்க்கெட்டில் ஆட்டுக்கால் எலும்பு கேட்டேன். "என்னா தம்பி, சூப்புக்கா?" என்றார் கடைக்கார பாய். "இல்ல பாய், டைனோசருக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெட்டாத முழு எலும்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். பெரிய வேட்டை டைனோசர்கள் தம் இனத்தையே தின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. தின்றதைப் பார்த்த சாட்சி கிடையாது. எலும்பில் விழுந்த பல்தடம்தான் சாட்சி. அதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம்.

வேண்டியவை: குளிக்கிற சோப்பு இரண்டு கட்டி, இரும்பு அறுக்கும் ரம்பத் தகடு இரண்டு (அங்குலத்துக்கு 18 பல் உள்ளது ஒன்று, 24 பல் உள்ளது ஒன்று; ஹார்ட்வேர் கடையில் கேட்டால் கிடைக்கும்), ஸ்கேல், டார்ச், போன் கேமரா, வேகவைத்துச் சதை நீக்கிய ஆட்டெலும்பு ஒன்று. தகட்டைப் பிடிக்கும் இடத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். சோப்பு புதுசாக இருக்க வேண்டும். நான் முதலில் குளியலறையில் காய்ந்து கிடந்ததை எடுத்தேன். இழுத்ததும் பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது.

படி 1: முதலில் சந்தேகப் பட்டியல்

தடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காலத்தில் அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

மடகாஸ்கரில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் மஜுங்காசாரஸ் என்ற பெரிய வேட்டை டைனோசர் இருந்தது. அதன் எலும்புகளிலேயே பல்தடங்கள் இருந்தன. அதே பாறை அடுக்கில் கிடைத்த இன்னொரு வேட்டை டைனோசரான மசியாகசாரஸ் ரொம்பச் சின்னது. முதலைகளின் பல்லோ வேறு மாதிரி. மிஞ்சியது மஜுங்காசாரஸ்தான். ஆய்வாளர் ரேமண்ட் ரோஜர்ஸ் குழு 2003-இல் இதை வெளியிட்டது. டி-ரெக்ஸ் கதையும் இப்படித்தான். அது வாழ்ந்த காலத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அவ்வளவு பெரிய ஊனுண்ணி வேறு இல்லை. அதனால் டி-ரெக்ஸ் எலும்பில் பெரிய பல் உழுத தடம் இருந்தால், யார் என்று கேட்க வேண்டியதே இல்லை.

எல்லா இடத்திலும் பட்டியல் இப்படிச் சுருங்காது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் டாஸ்பிளெட்டோசாரஸ், கோர்கோசாரஸ் என்ற இரண்டு பெரிய வேட்டை டைனோசர்கள் ஒரே ஊரில் குடியிருந்தன. அங்கே ஒரு கடியைப் பார்த்து இன்னார்தான் என்று சத்தியம் செய்ய முடியாது.

(நம் மலேசியாவுக்கும் ஒரு டைனோசர் உண்டு. 2012-இல் பகாங்கில் ஸ்பைனோசாரஸ் குடும்பத்துப் பல் ஒன்றை மலாயாப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்தது. ஆனால் வெறும் பல்லை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டை ஆட முடியாது. கடிபட்ட எலும்பு வேண்டும்.)

படி 2: சீப்பு போல் இழுங்கள்

இந்தப் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரும்பாலான வேட்டை டைனோசர்களின் பல்லோரம் ரம்பம் போல் நுண்பற்கள் கொண்டது. ரம்பத் தகட்டை அந்தப் பல்லாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறுப்பது போல், தகட்டின் நீளவாக்கில் இழுங்கள். ஒரே ஒரு பள்ளம் விழும். அதைப் பார்த்து 18 பல்லா 24 பல்லா என்று சொல்ல முடிகிறதா? முடியாது. நிஜ எலும்பிலும் பெரும்பாலான தடங்கள் இப்படி ஊமையாகத்தான் இருக்கின்றன.

அப்புறம் அதே தகட்டைத் தலை சீவுவது போல் பக்கவாட்டில் இழுங்கள். இணைகோடுகள் வரிசையாக விழும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், சோப்பை ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடித்தால் கோடுகள் நிழலோடு எழும்பி நிற்கும். அப்படியே ஸ்கேலை ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். 11 கோடுகளை எண்ணி, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அளந்தால் 18 பல் தகட்டுக்கு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் வரும். 24 பல் தகட்டுக்கு 10.6 மில்லிமீட்டர்.

இனிமேல்தான் வில்லங்கம். 18 பல் தகட்டைப் பாதிச் செங்கோணம் சாய்த்துவைத்து இழுங்கள். இப்போது அதே 11 கோடுகள் 10 மில்லிமீட்டருக்குள் நெருங்கிவிடும். 24 பல் தகடு போல் ஆள்மாறாட்டம்! சாய்த்தால் இடைவெளி குறையும். எப்படி இழுத்தாலும் அதிகமாகாது. அதனால் அகலமான இடைவெளி நல்ல சாட்சி. நெருக்கமான இடைவெளியை அப்படியே நம்பக்கூடாது. கோடுகள் தொடங்கும் இடத்தையும் பாருங்கள்: நேராக இழுத்திருந்தால் தொடக்க முனைகள் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரே வரியில் நிற்கும், சாய்த்து இழுத்திருந்தால் படிக்கட்டு மாதிரி ஏறும்.

மஜுங்காசாரஸ் வழக்கு வலுவாக நின்றதற்குக் காரணம், இரண்டு அளவுகள் சேர்ந்து பொருந்தியதுதான். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியும் ஒத்துப்போனது, பல்லோர ரம்பத்தின் நுண்கோடுகளும் ஒத்துப்போயின.

படி 3: பல்லா, கத்தியா?

இது சுருக்கமாக. ஆட்டெலும்பில் கத்தியால் லேசாகக் கீறுங்கள். வெட்டு ஒல்லியாக, கூராக இருக்கும். பல் அழுத்திய இடத்தில் எலும்பு நசுங்கி உள்ளே அமுங்கும். தோண்டியெடுக்கும்போது கருவி பட்ட கீறல் என்றால், பழைய எலும்பின் மேல் புதுசாக வெளிறித் தெரியும்.

படி 4: ஆறிய காயமா?

கடிபட்ட பிறகும் விலங்கு உயிரோடு இருந்தால் எலும்பு வளர்ந்து, தடத்தின் விளிம்பு மழுங்கிவிடும். அது சண்டைக் காயம். ஆறவே இல்லை என்றால், சாகும் நேரத்திலோ செத்த பிறகோ விழுந்தது.

ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஓர் இளம் டாஸ்பிளெட்டோசாரஸ் மண்டையில் இரண்டு வகையும் உண்டு. டேவிட் ஹோனும் டேரன் டாங்கியும் 2015-இல் இதைப் பற்றி எழுதினார்கள். முகத்தில் ஆறிய கடிகள் பல. கீழ்த்தாடையில் ஆறாத கடி, அதுவும் செத்த பிறகு விழுந்தது. உயிரோடு இருந்தபோது அடிதடி, செத்த பிறகு சாப்பாடு. ஆனால் தின்றது சொந்தக்காரனா, கோர்கோசாரஸா என்பதற்கு முதல் படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

படி 5: உடம்பில் எந்த இடம்?

வீட்டில் மட்டன் கறி வைத்தால் முதலில் சதைத் துண்டுகள் காணாமல் போகும். எலும்பை உறிஞ்சுவது கடைசியில் வருகிறவர்தான். டைனோசரும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். நிக்கோலஸ் லாங்ரிச் குழு 2010-இல் பல்தடம் உள்ள 4 டி-ரெக்ஸ் எலும்புகளைப் பற்றி எழுதியது. பாத எலும்புகளும் ஒரு கை எலும்பும் அதில் அடக்கம். சதையே இல்லாத பாதத்தை ஒருவன் கடிக்கிறான் என்றால், மற்றதெல்லாம் ஏற்கெனவே காலி. செத்துக் கிடந்ததை மேய்ந்திருக்கிறான் என்று நினைக்கத் தோன்றுகிறது. தின்றதுக்குத் தடம் இருக்கிறது, கொன்றதுக்கு இல்லை. இந்த இரண்டையும் பல செய்திகள் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

அமெரிக்காவின் கொலராடோவில் மைகட்-மூர் என்ற இடத்தில் 2,368 எலும்புகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 29 சதவீதத்தில் பல்தடம்! அல்லோசாரஸ் என்ற பெரிய வேட்டை டைனோசரின் எலும்புகளிலும் இருந்தன. 2020-இல் வந்த அந்த ஆய்வு, தன்னினம் தின்றிருக்க 'வாய்ப்பு உண்டு' என்று அளந்துதான் பேசுகிறது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கும் இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பில் பெரியது குட்டியைத் தின்னும். குட்டிகள் அதற்குப் பயந்தே மரத்தில் ஏறி வாழ்கின்றன.

படி 6: தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்

சீலோபைசிஸ் சின்ன டைனோசர்தான், ஆனால் பாடம் பெரியது. 1947-இல் நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்சில் அதன் எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. சிலவற்றின் வயிற்றில் குட்டி எலும்புகள். சொந்தக் குட்டியைத் தின்ற பாவி என்று பல பத்தாண்டுகள் பேர் வாங்கியது. 2006-இல் அந்த வயிற்று எலும்புகளை மறுபடி சோதித்தால், அது முதலையின் தூரத்து உறவு!

சரி, கடைசியாக ஒரு பரீட்சை. வீட்டில் யாரையாவது ஒரு தகட்டை எடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சோப்பில் இழுக்கச் சொல்லுங்கள். எந்தத் தகடு என்று நீங்கள் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா மகள் இழுத்தாள். நான் அளந்தேன், 10 மில்லிமீட்டர் சொச்சம்.

"24" என்றேன்.

"தப்பு மாமா. 18. நான் கோணலா இழுத்தேன்."

கோடு தொடங்கும் முனையைத் தேடினேன். சோப்பின் அந்த ஓரமே இல்லை.

"அதைச் சீவி எடுத்துட்டேன். பழைய எலும்புன்னா உடைஞ்சுதானே கிடைக்கும்?"