டிசிடி கார்: நெரிசலிலும் ஏற்றத்திலும் கிளட்சைக் காப்பாற்றுவது எப்படி?

பெடல் இரண்டுதான் இருக்கிறது என்பதற்காக டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள காரைச் சாதாரண ஆட்டோமேட்டிக் போல ஓட்டினால் கிளட்ச் சீக்கிரம் போய்விடும். உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதித்து கியர் போடும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

கியர்பாக்ஸுக்குள் ஒரு குழாய் ஷாஃப்ட், அதன் உள்ளே இன்னொரு ஷாஃப்ட். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு. மற்றது 2, 4, 6-க்கு. ஒவ்வொன்றுக்கும் தனி கிளட்ச். மூன்றாவது கியரில் வேகமெடுக்கும்போதே நான்காவது மாட்டப்பட்டுத் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட விட மற்றது பிடிக்கும். இழுவை நடுவில் அறுபடாது. சாதாரண ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் வீணாகும் சக்தியும் மிச்சம். 2003-ல் கோல்ஃப் ஆர்32 காரில் ஃபோக்ஸ்வேகன் இதைக் கொண்டுவந்தபோது வேகம், சிக்கனம் இரண்டும் ஒரே கியர்பாக்ஸில் கிடைத்தன. நான்காவது தயாராக இருக்கும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் இரண்டாவது கியர் தேவைப்படும். இரண்டும் ஒரே ஷாஃப்டில் இருப்பதால் நான்கைக் கழற்றி இரண்டை மாட்ட ஒரு கணம் தாமதமாகும். அது கோளாறு அல்ல.

வாங்கும் முன் கிளட்ச் எந்த வகை என்று கேளுங்கள். 2020-க்கு முந்தைய போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஹுண்டாய் வென்யூ டிசிடி போன்றவற்றில் உலர் கிளட்ச். சூட்டை ஆற்ற எண்ணெய் கிடையாது. டாடா ஆல்ட்ரோஸ் டிசிஏ-வில் எண்ணெயில் நனைந்த கிளட்ச். தினமும் நெரிசலில் போகிறவருக்கு நனைந்த கிளட்ச்தான் நல்லது.

உலர் கிளட்சுக்கு எமன் ஊர்ந்து போவதுதான். பிரேக்கைப் பாதி விட்டு வண்டியை நகரவிடும் ஒவ்வொரு முறையும் அது ஹாஃப் கிளட்ச்சில் இருக்கிறது; சூடாகித் தேய்கிறது. முன் வண்டிக்கு இரண்டு மூன்று கார் நீள இடைவெளி வரட்டும். பிறகு ஆக்சிலரேட்டரைத் தெளிவாகக் கொடுத்துக் கிளம்புங்கள். கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடும். நின்றால் பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள். அப்போது கிளட்ச் விலகிவிடும் என்பதால் ஒவ்வொரு சிக்னலிலும் நியூட்ரல் போடத் தேவையில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தடுமாறினால் மேனுவல் மோடுக்குப் போய் முதல் கியரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட்டபடி வண்டியை நிறுத்திப் பிடிக்கவே கூடாது. பிரேக், ஹேண்ட்பிரேக், காலை எடுத்த பிறகும் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு, இவற்றில் எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். ஹுண்டாய் காரில் கியர்பாக்ஸ் சூடு அதிகம் என்று எச்சரிக்கை வந்தால் ஓரம்கட்டி, ‘பி’ (பார்க்கிங்) நிலையில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் செய்தி மறையும்வரை காத்திருக்க வேண்டும்.

சரிவில் நிறுத்தும்போது வரிசை முக்கியம்: பிரேக்கை மிதித்து நியூட்ரல் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், காலை எடுத்து வண்டி அதில் உட்காரட்டும், மறுபடி பிரேக்கை மிதித்து ‘பி’ போடுங்கள். இல்லாவிட்டால் முழு எடையும் ‘பி’-யில் கியர்பாக்ஸைப் பூட்டும் பார்க்கிங் கொக்கியில் ஏறும். ‘பி’-யிலிருந்து எடுக்கும்போது ‘டக்’ என்று அடிக்கும். ‘டி’-யிலிருந்து (முன்னே) ‘ஆர்’ (ரிவர்ஸ்) போடுவதற்கு முன் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும்.

நனைந்த கிளட்ச் வகையில் எண்ணெய்தான் உயிர். ஃபோக்ஸ்வேகனின் டிக்யூ250 என்ற ஆறு கியர் நனைந்த கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். ஆறியோ கொதித்தோ இருந்தால் அளவு தவறிவிடும்.

கிளம்பும்போது காரே அதிர்வது கிளட்ச் பரப்பு கெட்டதற்கான அடையாளம். ஒற்றைப்படை கியர்களோ இரட்டைப்படை கியர்களோ மட்டும் விழாமல் போனால் அந்தப் பக்கத்து கிளட்ச்சையோ கியரை மாற்றும் மெகட்ரானிக் பாகத்தையோ சந்தேகிக்கலாம். கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனரைச் செருகி, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தரும் அடாப்டேஷன் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை ஒப்படைத்தால் புது கிளட்சும் ஜெர்க் அடிக்கும். அதனால் பில் கட்டும் முன் அது முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள்.