செம்மறிக்குப் பூச்சியா? குழை எவ்வளவு தூரம் உதவும்

மாரி தொடங்கினால் வன்னியில் செம்மறி வளர்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, வயிற்றுப் பூச்சிக்கு, அதாவது புழுவுக்கு, எந்த இலை கொடுக்கலாம் என்பதுதான். இலையைத் தேடுவதற்கு முன் ஆட்டின் கண்ணைப் பாருங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து, உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் வடிவாகப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு என்றால் அவசரமில்லை. வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறிப்போயிருந்தால் எந்தக் குழையும் அதைக் காப்பாற்றாது, அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தாலும் அதே கதைதான்.

ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் ஹீமோங்கஸ் என்ற புழு. நாலாம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.05 மில்லிலீற்றர் அளவுதான், ஆனால் உள்ளே ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லிலீற்றர் போகிறது, ஒரு குட்டி அதை எத்தனை நாள் தாங்கும்? இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் ஆடு கழியாது, அதனால் புழுக்கை நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம். புழுக்கையில் வெள்ளைத் துண்டுகளாகத் தெரிவது நாடாப்புழு, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள், ஆனால் இரண்டில் கெடுதி குறைந்தது அதுதான். அதற்காகப் பாக்கை இடித்துப் பருக்குகிற பழக்கம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். பாக்கில் இருக்கிற அரெக்கோலின் புழுவை மயக்கும், அளவு தப்பினால் ஆட்டையும் சரிக்கும்.

சரி, குழைக்கு வருவோம். புழுக்கையோடு விழுகிற முட்டை, சூடும் ஈரமும் இருந்தால் ஒரு கிழமை அளவில் குடம்பியாகி, பனி ஈரத்தோடு புல்லில் ஏறிக் காத்திருக்கும். அந்தக் குடம்பியால் ஏற முடிவது அனேகமாக ஒரு சாணுக்குள்தான். எனவே கொக்கத்தடியால் குழை வெட்டி ஆட்டின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஆடு நிலத்தில் வாய் வைப்பது குறைகிறது. என் கணிப்பில், 'இந்த இலை பூச்சியைக் கொன்றது' என்று சொல்லப்படுகிற கதைகளில் பல உண்மையில் இதுதான். மாரியில் குளத்து அலைகரைப் புல்லில் விடியவே ஆட்டை விடுவதும் அதே அளவு கெடுதல், பனி காய்ந்த பிறகு அவிழ்த்து விடுங்கள்.

குழைகளில் நான் முதலில் சொல்வது மரவள்ளி. அதில் புழுவை அடக்க உதவுகிற தனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது, புரதமும் கூட, புழு இருந்தாலும் ஆடு தாக்குப்பிடிக்க அந்தப் புரதம் வேண்டும். ஆனால் பச்சையாகக் கொடுத்தால் சயனைட் நஞ்சு, வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். மன்னார்ப் பக்கம் நிற்கிற உடை மாதிரி வேல் இன மரங்களிலும் தனின் உண்டு. வேப்பங்குழையை மற்றக் குழையோடு ஒரு கொத்து சேர்த்துக் கட்டலாம். ஆராய்ச்சிகளில் அதன் பலன் ஒரே மாதிரி வரவில்லை, ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வேப்பெண்ணெயைச் சினை மறிக்குப் பருக்கவே கூடாது. பப்பாசிப் பாலில் உள்ள நொதி புழுவின் தோலைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது ஆட்டின் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

துருசு என்கிற செம்பு உப்பைக் கரைத்துக் கொடுக்கிற பழைய வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். செம்மறிக்குச் செம்புச் சத்து கொஞ்சம் கூடினாலே ஈரல் போய்விடும், வெள்ளாடு தாங்குகிற அளவைச் செம்மறி தாங்காது. எதைப் பருக்கினாலும் தலையை அண்ணாத்திப் பிடிக்காதீர்கள், மட்டமாகப் பிடித்துக் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மாரி முழுக்க இரண்டு கிழமைக்கு ஒருமுறை எல்லா ஆட்டின் இமையையும் பாருங்கள். குட்டி ஈன்ற மறிகளை முதலில் பாருங்கள், அந்தக் காலத்தில் அவற்றின் உடம்பில் எதிர்ப்பு குறைந்து முட்டை அதிகமாக விழும். வெளிறியவற்றுக்கு மட்டும் மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். குழையும் மருந்தும் கொடுத்தும் திரும்பத் திரும்ப வெளிறுகிற மறி ஒன்றிரண்டு எந்தப் பட்டியிலும் இருக்கும், பட்டிக்குள் முட்டை பரப்புவதும் அவைதான், அவற்றின் குட்டியை இனத்துக்கு வைக்காதீர்கள்.