எல்லாத் தொண்டை வலியும் பனியால் வந்ததல்ல: சல்ஃபாசலசின் மாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தொண்டை கரகரத்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. பனி இறங்கியிருக்கும், சாரலில் நனைந்திருப்போம், மிளகு தட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தால் போய்விடும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் போயும் விடுகிறது. ஆனால் வீட்டில் ஒருவர் முடக்குவாதத்துக்கோ பெருங்குடல் அழற்சிக்கோ சல்ஃபாசலசின் சாப்பிடுகிறார் என்றால் அவருடைய தொண்டை வலியை அப்படி விடக் கூடாது. மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிற நான் இந்த மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இந்த மருந்து தரும் எச்சரிக்கையும் நம் மலைக் குளிர் தரும் சாதாரண உபாதையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் சமவெளியில் இருப்பவர்களைவிட நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். 1930-களின் கடைசியில் ஸ்வீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர், முடக்குவாதத்துக்கு ஒரு மருந்து தேடினார். சல்ஃபாபிரிடின் என்ற கிருமிக்கொல்லியும், ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட் வகைப் பொருள் ஒன்றும் ஒரே மூலக்கூறாகச் சேர்க்கப்பட்டன. அதை மூட்டுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வயிற்றுப்போக்கும் ரத்தப்போக்கும் குறைந்தன. இன்று குடலுக்கும் மூட்டுக்கும் கொடுக்கிறார்கள். சலாசோபைரின், சாஸ், சாசோ என்று கடையில் பல பெயர்களில் கிடைக்கிறது. விழுங்கியதில் பெரும்பகுதி அப்படியே பெருங்குடல் வரை போகும். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை இரண்டாக உடைக்கும். சாலிசிலேட் பாதி குடல் சுவரிலேயே தங்கி அழற்சியைத் தணிக்கும். சல்ஃபா பாதி ரத்தத்தில் கலக்கும். பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இந்தச் சல்ஃபா பாதியால் வருபவை.

இப்போது தொண்டை வலிக்கு வருகிறேன். அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்து வெள்ளை அணுக்களைத் தடாலென்று இறக்கிவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நடக்கும். கிருமியை எதிர்க்க ஆள் இல்லாத உடம்பில் முதலில் தெரிவது தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண். காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு தெரிவதும், முகம் வெளுத்துப்போவதும் இதே வரிசையில் சேரும். இப்படி வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். லேபில் சிபிசி என்று கேட்டால் தெரியும். “நாளைக்குச் சந்தைக்கு எப்படியும் டவுனுக்கு வருவேன், அப்போ பார்த்துக்கலாம்” என்று தள்ளக் கூடாது. “ரெண்டு அசித்ரோமைசின் கொடுங்க, போதும்” என்று கிருமிக்கொல்லி மாத்திரையைக் கடையில் வாங்கிக்கொண்டு போவது அதைவிட மோசம். காய்ச்சல் கொஞ்சம் அடங்கினால் ஆபத்து விலகிவிட்டதென்று நினைத்துக்கொள்வோம், உள்ளே அணுக்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிற டாக்டர் புதியவராக இருந்தால் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவரும் பனிக்காலத் தொண்டை வலி என்றே நினைக்க வாய்ப்பிருக்கிறது.

தோலில் தடிப்பு, அரிப்பு வந்தாலும் இதே அவசரம்தான். கம்பளி ஒத்துக்கொள்ளவில்லை, பூச்சி கடித்திருக்கும் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. வாய், கண் ஓரங்களில் புண் வந்து தோல் உரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அடுத்த பெரிய தவறு. மருந்து தொடங்குமுன் ஒருமுறை அணுக்களும் கல்லீரலும் சிறுநீரகமும் பார்ப்பார்கள். அப்புறம் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. உங்கள் டாக்டர் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவருக்கு டவுன் லேபுக்குப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். ஸ்பெஷலிஸ்ட் கோயம்புத்தூரில் இருந்தால் மலை இறங்கி ஏறுவதிலேயே பொழுது முடிந்துவிடும். ஆனால் டெஸ்டுக்காகக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையிலோ லேபிலோ ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்ப ஏற்பாடு உண்டா என்று முதல் தடவை பார்க்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்பது டெஸ்டைத் தவிர்க்கக் காரணமாகாது. உடம்பில் தெரிவதற்கு முன்பே காகிதத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த டெஸ்ட்.

தண்ணீர் விஷயம் மலைக்காரர்களுக்கே உரிய சிக்கல். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். குளிரில் தாகம் தெரியாது. நாள் முழுக்க நாலைந்து டம்ளர் டீ குடித்துவிட்டு அதையே தண்ணீராகக் கணக்குப் போட்டுக்கொள்பவர்கள் இங்கே நிறைய. சல்ஃபா வகை மருந்து சிறுநீரில் படிகமாகக் கட்டி, கல்லாக மாறவும் இடமுண்டு. தண்ணீர் நிறையக் குடித்தால் அது தவிர்க்கப்படும். பச்சைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது என்றால் வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி இலை பறிக்கும் இடத்துக்கே எடுத்துப் போகலாம். காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். அவர்கள் மீது தவறில்லை, தோட்டங்களில் கழிப்பறை இல்லாததுதான் தவறு. ஆனாலும் இந்த மாத்திரை சாப்பிடும் காலத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

சிறுநீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு நாள் மாலை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். தலையில் சுற்றிய துண்டில் இன்னும் ஈரம் இருந்தது. பாதி தீர்ந்த மாத்திரை அட்டையைக் கவுண்டரில் வைத்தார்.

“இதை ரெண்டு நாளா நிறுத்திட்டேன் தம்பி. ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகுது. மஞ்சக்காமாலைன்னு பக்கத்து வீட்டுல கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தாங்க.”

“இங்க வெளிச்சத்துல நின்னு மேல பாருங்கம்மா.” கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்தது. “பசி எடுக்குதா? வாந்தி ஏதாச்சும்?”

“பசியெல்லாம் நல்லா எடுக்குது. கைதான் மறுபடி வீங்கிருச்சு.”

விரல் கணுக்கள் உருண்டிருந்தன. மோதிரம் இறுகிப்போயிருந்தது. மாத்திரை சாப்பிட்ட நாட்களில் இறங்கியிருந்த வீக்கம் அது. நிறம் மாறியது மருந்தின் நிறத்தால்தான். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. கண்ணீரும் வியர்வையும்கூட இலேசாக மஞ்சளாகலாம். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு அது கறைபடும். பயப்பட வேண்டியது கண் மஞ்சளானால், பசி போய் வாந்தி வந்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால். அது கல்லீரல் சம்பந்தப்பட்டது, உடனே காட்ட வேண்டும். அந்த அம்மாவை அங்கேயே டாக்டரிடம் ஃபோனில் பேசவைத்தேன். டாக்டர் சொன்னபடி மறுபடி ஆரம்பித்தார்.

அவருக்கு மருந்து தொடங்கும்போதே யாராவது இந்த நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொல்ல மறந்தால் கடைக்காரன் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரையாக நினைத்துச் சாப்பிடுவதும் பரவலான தவறு. இது வலித்தால் போடும் மாத்திரை அல்ல. குடலில் மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். மூன்றாம் வாரத்தில் “ஒண்ணும் கேக்கலையே” என்று விட்டுவிடுபவர்கள் பயிரை முளையிலேயே பிடுங்குகிறார்கள். அந்த இடைவெளியில் நடப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் மூட்டு இறுகும்போது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பெருங்குடல் அழற்சி உள்ளவருக்கு இந்த வகை மாத்திரைகள் அடங்கியிருந்த நோயைக் கிளப்பிவிடக் கூடும். ஒரு பக்கம் குடலை ஆற்ற ஒரு மாத்திரை, மறுபக்கம் அதையே புண்ணாக்க இன்னொன்று. இடைக்கால வலிக்கு என்ன எடுக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலி மாத்திரைகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும்.

தைலங்களைப் பற்றியும் கேட்பார்கள். நீலகிரித் தைலம் மேலுக்குத் தேய்த்தால் சூடு பரவிக் கொஞ்சம் இதமாக இருக்கும், தடையில்லை. குடிப்பதற்கு மட்டும் அது கூடவே கூடாது, விஷம். நம் மலையில் வளரும் செடியிலிருந்து எடுக்கும் விண்டர்கிரீன் தைலம் வேறு ரகம். அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட். தோல் வழியாக உடம்புக்குள் போகும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தேய்க்க வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவும் வேண்டும், ஏனென்றால் சல்ஃபாசலசினும் அதே குடும்பத்து உறவுதான்.

அதேபோல முன்பு எப்போதாவது சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்திருந்தால், இந்த மருந்து உங்களுக்கு ஆகாது. மாத்திரையின் பெயர் மறந்திருந்தாலும் நடந்ததைச் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், குறும்பர் உள்ளிட்ட பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது தெரிந்த விஷயம். அதுவும் மூட்டிலும் எலும்பிலும் வலியாகத்தான் வெளிப்படும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தசோகை, அடிக்கடி காமாலை இருந்திருந்தால் மருந்து எழுதுமுன்பே அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சாப்பிடும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. மூட்டுக்குத் தரும்போது வழக்கமாக 500 மில்லிகிராமில் தொடங்கி வாரம் ஒன்றாக ஏற்றி, நாளுக்கு 2 கிராம் வரை கொண்டுபோவார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று முதல் நாளே முழு அளவைப் போட்டால் தலைவலியும் குமட்டலும் தாங்காது, மருந்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். மாத்திரையை உணவுக்குப் பிறகு போட வேண்டும். காலை டீயில் நனைத்த இரண்டு வர்க்கியை உணவாகக் கணக்கில் எடுக்காதீர்கள், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். மேலே பூச்சு உள்ள மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்கக் கஷ்டமாக இருந்தால் டாக்டரிடம் மாற்று கேட்கலாம்.

வயிறு சரியானதும் நிறுத்துவது குடல் நோய்க்காரர்களின் வழக்கம். ரத்தம் நின்று, நாளுக்கு ஒரு தடவை போக ஆரம்பித்ததும் அட்டை அலமாரிக்குள் போய்விடும். நோயை அடக்கி வைப்பதற்கும் இதே மருந்துதான் தொடர்கிறது, பெரும்பாலும் குறைந்த அளவில். சில மாதம் கழித்து ரத்தம் மறுபடி வரும்போது “மூலச் சூடு” என்று கருணைக்கிழங்கு சமைத்துக்கொண்டிருப்பார்கள். தனக்குப் பெருங்குடல் அழற்சி என்று தெரிந்தவர் மலத்தில் ரத்தம் கண்டால் தானாக மூலம் என்று முடிவு செய்யவே கூடாது.

எல்லாவற்றுக்கும் இது கேட்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உடைப்பதற்குப் பெருங்குடல் பாக்டீரியா வேண்டுமென்பதால், கிரோன் நோய் என்ற குடல் அழற்சி சிறுகுடலில் மட்டும் இருந்தால் பெரிய பலன் இல்லை. முதுகுத்தண்டு இறுகும் வாதத்தில் கை கால் மூட்டுக்கு உதவும், முதுகுக்கு உதவாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவர் அட்டையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது எந்த வகையிலும் சரியல்ல.

கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிடைச் சத்து மாத்திரைதானே என்று விடாதீர்கள். சல்ஃபாசலசின் உணவிலுள்ள ஃபோலேட்டை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் ஃபோலிக் ஆசிடோடு தொடரச் சொல்லித்தான் டாக்டர்கள் அறிவுறுத்துவார்கள், ஏனென்றால் நோய் கிளம்புவது குழந்தைக்கும் கெடுதல். இன்னொரு விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆண்களுக்கு இந்த மருந்து விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும். நிறுத்தினால் சுமார் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் கணவர் இதைச் சாப்பிட்டால், மனைவியைக் கோயில் கோயிலாக அலையவிடுமுன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

கடையில் வாங்கும்போது அட்டையின் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சல்ஃபாடயசின் என்று வேறொரு மருந்து இருக்கிறது, அவசரத்தில் மாறிப்போக வாய்ப்புண்டு. கூடவே மூட்டுக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போடும் சல்ஃபாசலசினோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் தனித்தனி டப்பாவில், மெத்தோட்ரெக்சேட் டப்பாவின் மேல் கிழமையின் பெயரை எழுதி வையுங்கள்.

கடைசியாக, மழைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கீழிருந்து சரக்கு வருவது நின்றுவிடும். 2009 நவம்பரில் நாம் பார்த்ததுதான். இந்த மாத்திரையைச் சின்னக் கடைகள் அதிகம் இருப்பு வைப்பதில்லை. ஐப்பசி பிறக்குமுன் இரண்டு வாரத்துக்கான கூடுதல் மாத்திரையை வாங்கி, ஈரம் படாமல் மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். பல நாள் விட்டுப்போயிருந்தால் எந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டபிறகு முதல் மாத்திரையைப் போடுங்கள்.