கவராயமும் அட்டையும் போதும்: மலை ரோட்டு வடிவமைப்பைக் கண்ணால் காட்டிக் கற்பிக்கும் முறை

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு வளைவைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. ரோட்டு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்பதைத்தான் காட்ட வேண்டும். குடிசார் தொழினுட்பவியல் வகுப்பில் நான் முதலில் சூத்திரம் எழுதுவதில்லை, வரைபடத்தைத்தான் விரிக்கிறேன்.

தேவையானவை: 1:10,000 அளவில், 20 மீற்றர் உயர இடைவெளியில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போட்ட வரைபடம், கவராயம், 2 மில்லிமீற்றர் தடித்த அட்டை, நூல், குண்டூசி, களிமண்.

படி 1. சாய்வைத் தீர்மானியுங்கள். 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 மீற்றர் ஏற 250 மீற்றர் ஓட வேண்டும். வரைபடத்தில் அது 2.5 சென்ரிமீற்றர். கவராயத்தை அந்த அளவுக்கு விரியுங்கள்.

படி 2. இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுங்கள். ஒரு கோட்டில் ஊன்றி, அடுத்த கோட்டைத் தொடும் இடத்தில் புள்ளி வைத்து, அங்கிருந்து அதற்கடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். செங்குத்தான சரிவில் அடுத்த கோடு ஒரு சென்ரிமீற்றரிலேயே நிற்கும். கவராயம் 2.5 விரிந்திருப்பதால் நேரே ஏற முடியாது. பக்கவாட்டில் சரிந்துதான் தொடலாம். அப்படியே போனால் ஒரு பாறையோ ஓடையோ குறுக்கே வரும். "சேர், திரும்பித்தான் வரணும்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்த இடம்தான் கொண்டை ஊசி வளைவு. அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். திரும்பும் இடத்தில் மட்டும் சாய்வைக் குறைக்கச் சொல்லுங்கள்.

படி 3. ஒவ்வொரு கோட்டின் வடிவிலும் அட்டையை வெட்டி அடுக்கி, புள்ளிகளில் குண்டூசி குத்தி நூலை ஓட்டுங்கள். 20 மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் சரியான அளவு என்பதால் மலை உள்ளபடியே தெரியும். கணினி இருந்தால் கூகுள் ஏர்த் புரோவில் இறம்பொடை ஏற்றத்தின் மேல் பாதை வரைந்து, உயர விவரப்படத்தையும் பார்க்கலாம். ரோட்டுக்காக வெட்டிய இடங்களில் அது காட்டும் சாய்வை அப்படியே நம்ப வேண்டாம்.

படி 4. மேசையில் 1:100 அளவில் ஒரு வளைவு செய்யுங்கள். உட்பக்கம் களிமண் மேடு, அதன் அடியில் கான். போன் கெமராவை ரோட்டுமட்டத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே பிடித்தால் கார் சாரதியின் கண் கிடைத்துவிடும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், சாரதி பிரேக்கை மிதிக்க எடுக்கும் 2.5 வினாடிக்குள் ஏறக்குறைய 21 மீற்றர் ஓடிவிடும். நிற்பதற்கு இன்னும் தூரம் வேண்டும். 21 சென்ரிமீற்றர் தள்ளி வைத்த தீப்பெட்டி கெமராவில் தெரிகிறதா? தெரியாவிட்டால் மேட்டைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பார்க்கட்டும்.

இனிச் சூத்திரத்தை எழுதலாம்: வேகத்தின் வர்க்கத்தை, ஆரையின் 127 மடங்கால் வகுக்க வேண்டும். வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையில் எத்தனை பங்கு என்பதை அது சொல்லும். 50 மீற்றர் ஆரையில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு 0.14, 40க்கு 0.25 வரும். இதை வளைவின் உட்பக்கம் சாய்த்துப் போட்ட ரோட்டின் குறுக்குச் சரிவும் டயரின் உராய்வும் சேர்ந்துதான் தாங்க வேண்டும். மழை நாளில் இதில் எது குறையும் என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்.