தராசுக்கு முன்னால் கை நீளாமல் இருக்க

தன்னைத் திருடன் என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை, நானும் நினைத்ததில்லை. யாங்கூனில் மளிகைக் கடை போட்ட முதல் மூன்று வருடம், ஒரு வீசை பருப்பு கேட்டவர்களுக்கு 1.6 கிலோ நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பர்மா வீசை 1.63 கிலோவுக்குச் சற்று மேலே. மின்தராசு கிலோதான் காட்டுகிறது, 1.6 என்றால் பார்க்க வசதி, முப்பது கிராமை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

முதலில் செய்யவேண்டியது, பெருக்கிப் பார்ப்பது. ஒரு நாளைக்கு 50 வீசை விற்றால், 33 கிராம் வீதம் 1,650 கிராம், அதாவது தினமும் ஒரு வீசை பருப்பு அடுத்த வீட்டு உலையிலிருந்து என் மூட்டைக்குத் திரும்பி வருகிறது. ஒரே ஆளிடம் ஒரு வீசையை உருவச் சொன்னால் எனக்குக் கை நடுங்கியிருக்கும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களைக் கண்டெடுத்ததாகச் சொல்லி, அங்கங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒப்படைத்து, உரியவருக்குத் திருப்புகிறார்களா என்று பார்த்தார்கள். காசில்லாத பர்ஸைவிடக் காசுள்ள பர்ஸ்தான் பெரும்பாலான நாடுகளில் அதிகம் திரும்பி வந்தது. பெரிய தொகை என்றால் நாமே நம்மைத் திருடனாகப் பார்த்துவிடுவோம் என்ற பயம். சில்லறைக்கு அந்தப் பயம் வராது, அதனால் கண் வைக்கவேண்டியது சில்லறை மேல்தான்.

சத்தியம் செய்வதெல்லாம் வேலைக்கு ஆகாது. படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் ஆட்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. அதில் ஒரு பகுதித் தரவே ஜோடித்தது என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இந்தக் கதி! சரி, ஆளை நம்பாமல் கடையை மாற்றுங்கள். தராசின் எண்கள் வாங்குகிறவர் பக்கம் தெரியட்டும். ஒரு வீசை, அரை வீசை, கால் வீசைக்கு எத்தனை கிராம் என்று தமிழிலும் பர்மியிலும் எழுதி ஒட்டுங்கள். பையை வைத்துவிட்டுப் பூஜ்யமாக்கி அப்புறம் பருப்பைக் கொட்டுங்கள். மொத்த வியாபாரி மூட்டையில் குறைத்தால் அங்கேயே நிறுத்துப் பார்த்துச் சண்டை போடுங்கள். அந்தக் குறையைப் பாட்டிமார் பையில் ஈடுகட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது.

சில்லறை இல்லை என்று மிட்டாய் நீட்டுவது இன்னொன்று. மிட்டாய் வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், வேண்டாம் என்றால் பாக்கியை நோட்டில் அவர் கண்முன் எழுதுங்கள். கடன் கணக்கும் அப்படித்தான், ராத்திரி ஞாபகத்தில் எழுதினால் எண்ணிக்கை எப்போதும் நம் பக்கம்தான் கூடும்.

கடைசியாகத் தேநீர்க் காசு, அதாவது காகிதம் நகர அரசு ஊழியர் கையில் வைக்கும் பணம். பர்மியில் 'லபெ யே போ' என்று சொல்லும்போது எவ்வளவு இதமாக இருக்கிறது! 2016இல் அரசு ஊழியர்கள் 25,000 கியாட்டுக்கு மேல் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று விதி வந்தது, நம் ஆட்கள் அதற்குள் அடங்குகிற மாதிரி பிரித்துக் கொடுக்கப் பழகினார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: கொடுத்தால் கணக்குப் புத்தகத்தில் லஞ்சம் என்றே எழுதுங்கள். முதல் மாதம் எனக்குக் கை வரவில்லை, 'இதர செலவு' என்று எழுதி அடித்துத் திருத்தினேன். மாதக் கடைசியில் பார்த்தால் ஐந்து வரி, அதில் இரண்டு யாரும் கேட்காமலே நானாகக் கொடுத்தது. அடுத்த மாதம் அந்த இரண்டையும் நிறுத்தினேன். ஒரு காகிதம் மட்டும் பத்து நாள் தாமதமாக வந்தது.