குழந்தைக்கு ஸ்காட்லாந்துப் பெயர் வைப்பதற்கு முன்

எழுத்தை நம்பாமல் முதலில் உச்சரிப்பைக் கேளுங்கள். மேரி என்ற பெயர் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் மாரி, அவளைக் கூப்பிடும்போது அதுவே 'வாரி' ஆகிவிடும், நம் எட்டாம் வேற்றுமை மாதிரி. அந்த விளியே தனிப்பெயராக நிலைத்துவிட்டது. ஹேமிஷும் அப்படித்தான், ஜேம்ஸின் கேலிக் வடிவமான ஷேமஸைக் கூப்பிடும் ஒலி.

அப்புறம் பொருள். கேமரன் என்றால் கோணல் மூக்கு, கேம்பெல் என்றால் கோணல் வாய்! இரண்டும் பட்டப்பெயராக இருந்து குடும்பப்பெயர் ஆனவை. சிரிப்பு வந்தாலும் எனக்குக் கேமரன் பிடிக்கும். பக்தியாக வேண்டுமென்றால் மால்கம், அதாவது கொலம்பா என்ற கிறிஸ்தவப் புனிதரின் அடியார். ஐலா மேற்குக் கரைத் தீவொன்றின் பெயர்.

ஸ்காட்லாந்திலேயே பிறந்த குழந்தையா? சரி, 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.