காட்டுப்பன்னி ரைபிளுக்கு டிரிக்கர் மாற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் கடலையோ மரவள்ளியோ போட்டவர்களுக்குக் காட்டுப்பன்னி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்னியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே ஒப்படைத்தது. அப்புறம்தான் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பஞ்சாயத்து தேடி வர ஆரம்பித்தது. வீட்டில் சும்மா கிடந்த .315 ரைபிளைத் துடைத்து எடுத்தவர்கள் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டிரிக்கர் ரொம்ப இறுக்கமா இருக்குங்ண்ணா, லேசா மாத்திக்கலாமா?"

மாற்றலாம். ஆனால் 'லேசு' என்பதை மட்டும் குறியாக வைத்துக்கொண்டு போனால் தவறான டிரிக்கரைத்தான் வாங்குவீர்கள். பன்னிக்கு வேண்டியது லேசான டிரிக்கர் அல்ல, ஒவ்வொரு தடவையும் ஒரே எடையில், இழுபடாமல் விடுகிற டிரிக்கர். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: சட்டம்

1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். வெளிநாட்டு இணையக் கடையில் டிரிக்கரை ஆர்டர் போட்டு, பார்சலில் வரவழைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் உரிமம் பெற்றவர்தான் வேண்டும். எனவே லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை, அவர்களோடு வேலை செய்யும் மெக்கானிக், இந்த இரண்டு வழிதான் உங்களுக்கு.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நம் ஊர்களில் ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. உங்கள் லைசென்ஸ் எந்தப் பகுதிவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கேரளாவுக்கு மட்டும் என்றால், ரிப்பேருக்காகக்கூடக் கோயம்புத்தூர் கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டுப் பக்கம் விவசாயி பன்னியைச் சுடவும் முடியாது, அது வனத்துறையின் வேலை.

படி 2: உள்ளே என்ன நடக்கிறது

போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும், கைப்பிடியுள்ள உருளை) இயக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்கி, ஊசி பின்னால் போய் நிற்கும். அதைப் பிடித்து நிற்கிற சின்னப் பல்லுக்கு சியர் என்று பெயர். டிரிக்கரை இழுத்தால் சியர் நழுவும், ஊசி முன்னால் பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். அவ்வளவுதான்.

அந்த நழுவல் எப்படி நடக்கிறது என்பதில்தான் டிரிக்கரின் தரம் இருக்கிறது. விரலை வைத்ததும் பாரமில்லாமல் கொஞ்சம் பின்னால் வரும், அது தளர்வு. அப்புறம் பாரம் ஏறும். பாரம் ஏறிய பிறகும் கரகரவென்று இழுபட்டுக்கொண்டே வந்தால் அதை கிரீப் என்பார்கள். இதுதான் உண்மையான எதிரி. எப்போது வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியாததால், மூளை முந்திக்கொண்டு தோளை இறுக்கும், குழல் ஆடும். வெடித்த பிறகும் டிரிக்கர் பின்னால் ஓடுவதை ஓவர்டிராவல் என்பார்கள். அது குறைவாக இருந்தால் நல்லது.

இழுபடாமல் விடுகிற 3 பவுண்டு (ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம்) டிரிக்கர், கரகரக்கிற 2 பவுண்டு டிரிக்கரைவிட விரலுக்கு லேசாகத் தெரியும். கடையில் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

படி 3: இப்போது இருப்பதை அளந்து பாருங்கள்

தோட்டாவையெல்லாம் வேறு அறையில் வையுங்கள். மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியை, கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து, குழலின் பின்வாயில் சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்த்தது போதாது. டம்மி தோட்டா ஒன்று போட்டுக்கொண்டால் ஊசிக்கும் நல்லது.

காய்கறிக் கடைகளில் கொக்கியோடு தொங்கவிடும் கை டிஜிட்டல் தராசு இருக்கிறதே, அது போதும். ரைபிளின் வாயை ஆளில்லாத பக்கம், மண் மேட்டை நோக்கி வையுங்கள். போல்ட்டை ஏற்றி மூடி, கொக்கியை டிரிக்கரின் நடுவில் மாட்டி, கட்டையின் (தோளில் வைக்கும் மரப்பாகம்) பின்புறத்தை நோக்கி நேராக, மெதுவாக இழுங்கள். 'டக்' என்று விழும்போது தராசில் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள்.

சராசரியைவிட முக்கியம், எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது. எல்லாம் 2.3 கிலோவை ஒட்டியே வந்தால் அது கனமான டிரிக்கர், ஆனால் நம்பலாம். ஒரு தடவை 1.6, இன்னொரு தடவை 2.5 என்று வந்தால் எடை எவ்வளவு என்பது அப்புறம், முதல் பிரச்சினை அந்த ஏற்ற இறக்கம்தான். அந்த ரைபிளை மெக்கானிக் பார்க்கும்வரை வெளியே எடுக்காதீர்கள்.

படி 4: மாற்றும் முன் கட்டையைப் பாருங்கள்

பலரும் தாவிவிடுகிற படி இது. நம் பக்கம் அதிகம் இருக்கும் இஷாப்பூர் .315, பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் அமைப்பு. அதில் டிரிக்கர், சியரோடு சேர்ந்து மேலே உட்கார்ந்திருக்காது. அடியில், டிரிக்கரைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையமான டிரிக்கர் கார்டில் ஒரு சின்ன ஆணியில் கோத்து நிற்கும். நடுவில் இருப்பது மரக்கட்டை. ஆடிச் சாரலில் மரம் ஈரம் குடித்து உப்பினால், டிரிக்கருக்கும் சியருக்கும் உள்ள இடைவெளி மாறும். பங்குனி வெயிலில் மரம் சுருங்கினால் மறுபடியும் மாறும். மாசியில் அருமையாக இருந்த டிரிக்கர் ஆவணியில் வேறு மாதிரி இருப்பதற்குப் பேய் காரணமல்ல, மரம்தான் காரணம். இதே குறையால்தான் பிற்கால ராணுவ மாடலான நம்பர் 4 மார்க் 2-இல் டிரிக்கரை நேராக ரைபிளின் உடலிலேயே தொங்கவிட்டார்கள்.

எனவே முதலில் கட்டையில் விரிசல் இருக்கிறதா, டிரிக்கர் கார்டின் திருகுகள் இறுகி நிற்கின்றனவா என்று பாருங்கள். பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்தால் கழுவச் சொல்லுங்கள். 'டிரிக்கர் கெட்டுவிட்டது' என்று வரும் ரைபிள்களில் நிறைய இதோடு சரியாகிவிடும். செலவும் மிச்சம்.

இந்த ரைபிளின் டிரிக்கர் இரண்டு கட்டமாக இழுபடும். ராணுவ அளவுப்படி முதல் கட்டம் 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். முதல் கட்டத்தை எடுத்துவிட்டு, சுவர் மாதிரி ஒன்று தட்டுப்படும் இடத்தில் நிறுத்திப் பழகிக்கொண்டால், பலருக்கு மாற்றும் எண்ணமே போய்விடும். என் அபிப்பிராயத்தில் புதியவர்களுக்கு இரண்டு கட்ட டிரிக்கர்தான் நல்லது. இருட்டில் பன்னி திரும்பும்வரை காத்திருக்கும்போது, விரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கலாம்.

படி 5: எவ்வளவு எடை வேண்டும்?

பகலில், மேசையில் மணல் மூட்டை வைத்து, தூரத்துச் சின்னப் பிராணியைச் சுடுகிறவர்களுக்காக வெளிநாட்டில் ஒன்றரை, இரண்டு பவுண்டு டிரிக்கர் விற்கிறார்கள். அந்த வேலைக்கு அது சரி. நம் வேலை வேறு. ராத்திரி, டார்ச் வெளிச்சம், வரப்பில் நனைந்த கால், பக்கத்தில் விளக்குப் பிடிக்கும் ஆள், கூடவே நாலைந்து பேர். குளிரிலும் பதற்றத்திலும் விரல் மரத்துப்போகும். 2 பவுண்டு டிரிக்கர் அங்கே ஆபத்து.

3 முதல் 4 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 1.8 கிலோ. இதற்குக் கீழே போக வேண்டாம். சுமார் 4 கிலோ எடையுள்ள ரைபிளுக்கு இது கையாளக்கூடிய அளவு.

படி 6: எந்த வகை?

.315 வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு சுருக்கம். பெட்டியாக வருகிற புது டிரிக்கர் அந்த அமைப்புக்குப் பொருந்தாது. இருக்கிற சியரையும் அதைப் பிடிக்கும் பாகத்தையும் மெக்கானிக் பதமாகத் தேய்த்து மெருகேற்றுவார். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். அந்தப் பாகங்களில் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்திய இரும்பாக இருக்கலாம். அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே மெத்தென்ற இரும்பு. கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்புறம் தேய்ந்து, தானாக விட ஆரம்பிக்கும்.

மௌசர் 98, ரெமிங்டன் 700 மாதிரி ரைபிள்களுக்குத் தனிப் பெட்டியாகக் கழற்றி மாட்டும் டிரிக்கர்கள் உண்டு. டிம்னி, டிரிகர்டெக் போன்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எடையை வெளியிலிருந்து திருகி மாற்ற முடியுமா, மிகக் குறைந்த எடையில் வைத்தாலும் சேஃப்டி (வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) முழுதாகப் பிடிக்குமா, சேற்றுத் தண்ணீர் போனால் கழுவ வசதி இருக்கிறதா. சில சிஇசட் ரைபிள்களில் டிரிக்கரை முன்னால் தள்ளினால் மிக லேசாக மாறும் 'செட்' வசதி இருக்கும். ராத்திரி வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

பெரிய கம்பெனி என்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த, எக்ஸ் மார்க் ப்ரோ டிரிக்கர் உள்ள மாடல் 700, மாடல் செவன் ரைபிள்களை ரெமிங்டன் 2014-இல் திரும்ப அழைத்தது. உள்ளே ஒட்டும் பசை அளவுக்கு மீறிப் போனதால், டிரிக்கரைத் தொடாமலே வெடிக்கும் வாய்ப்பு இருந்தது. பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் தயாரித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள்.

இரட்டைக் குழல் 12 போர் வைத்திருப்பவர்கள் டிரிக்கரைத் தொட வேண்டாம். .22 என்ற சிறு தோட்டா ரைபிள் வைத்திருப்பவர்கள் பன்னிக்கு அதை எடுக்கவே வேண்டாம். எவ்வளவு நல்ல டிரிக்கர் போட்டாலும் அந்தத் தோட்டா பன்னியைக் காயப்படுத்தித்தான் அனுப்பும். காயம்பட்ட பன்னி கரும்புக்குள் போய்ப் படுத்தால், காலையில் அங்கே தோகை உரிக்க வருகிற பெண்களுக்குத்தான் ஆபத்து.

படி 7: பொருத்திய பிறகு

மெக்கானிக் முன்னாலேயே செய்து பாருங்கள். காலி ரைபிள், மறுபடியும் விரலை விட்டுச் சரிபார்த்தது. போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள், ஊசி விழக் கூடாது. ஏற்றிய நிலையில் கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் நான்கு பக்கமும் தட்டுங்கள், விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை நன்றாக இழுத்து விடுங்கள், பிறகு விரலைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள், அப்போதும் விழக் கூடாது. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை. ஒரு தடவை விழுந்தாலும் ரைபிளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், காசு கொடுத்தாயிற்று என்று தூக்கி வராதீர்கள்.

தராசில் திரும்ப அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களை எழுதி வையுங்கள். முறையான ரேஞ்சில் சுட்டுப் பாருங்கள். டிரிக்கர் மாறினால் குண்டு விழும் இடமும் உங்கள் கையில் மாறும், குறி பார்க்கும் சைட்டைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும். மரக்கட்டை ரைபிள் என்றால் ஆடி பிறந்ததும் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை அந்தத் தராசை எடுங்கள். எண் 200 கிராமுக்கு மேல் நகர்ந்திருந்தால், பஞ்சாயத்திலிருந்து போன் வருவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.